இரண்டாம் மாடியில் பதினான்கு கிலோ

“நாய் இல்லைங்கறே. பூனை இல்லைங்கறே. அப்ப உள்ள கத்தறது என்ன, உங்க வீட்டுக் கதவா?”

“சத்தம் தொந்தரவா இருந்தா மன்னிச்சிடுங்க சார். இனிமே ஜன்னலைச் சாத்திக்கறேன்.”

“நான் சத்தத்தைக் கேக்கலைம்மா. சத்தம் போடறது யாருன்னு கேக்கறேன்.”

“அதைச் சொல்ல முடியாது சார்.”

“சொல்ல முடியாதா? சரி, சொல்ல வேண்டாம். கதவைத் திற, நானே பாத்துக்கறேன்.”

“திறக்கவும் முடியாது.”

“முடியாதா? ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கீழ கூட்டம். எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி உங்க வீட்டு ஓனருக்கு லெட்டர் போகும். அன்னிக்குத் தானா திறக்கும் கதவு.”

இரண்டாம் மாடி நடையில் இந்தப் பேச்சு நடந்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு. மணியை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் தையல் மிஷின் நடையைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது. மிஷின் ஓடினால் வெளியே பேசுவது காதில் விழாது, அதனால் நிறுத்தினேன். நிறுத்தினபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கேள்வி கேட்டவர் எங்கள் கட்டடச் சங்கத்துச் செயலாளர். வேலையில் இருந்த காலத்தில் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க நாங்கள்தான் இருக்கிறோம். சங்கத்தின் பதினெட்டு விதிகளையும் எழுதியவர் அவரே. அதில் ஏழாவது, மீன் தொட்டியைத் தவிர வேறு எந்த உயிரினமும் கட்டடத்துக்குள் வளர்க்கக் கூடாது என்பது. இதை அவர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வதால் அவருக்கே ‘ஏழாம் விதி’ என்று பெயர் வந்துவிட்டது. பல்லிகள் மட்டும் இன்னும் விதியைப் படிக்கவில்லை. வயது அறுபத்திரண்டு. தலையில் ஒரு நரை கிடையாது, லேசாகச் செம்பட்டை ஓடிய அடர்த்தியான முடி. அவர் மனைவிக்கோ பஞ்சாக நரைத்துவிட்டது. அந்தக் குடும்பத்துக் கவலையை யார் படுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

கதவைத் திறக்காதவள் எனக்கு எதிர்வீட்டுக்காரி. முப்பது முப்பத்தொன்று இருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து ஏதோ கம்பெனிக்குப் படம் வரைகிறாள் என்பதால் நாங்கள் சித்திரக்காரி என்போம். என்ன படம் என்று குடிவந்த புதிதிலேயே கேட்டேன். “சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கக்கா” என்றாள். வரைகிறதில் என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது? அன்றைக்கு விழுந்த சந்தேகம் ஆறு வருஷமாக என் வயிற்றில் ஊறிக்கொண்டே இருந்தது.

அவளோடு அவள் அப்பா. கூட்ஸ் ரயில் ஓட்டினவர். இங்கே வந்தபோது கொஞ்சம் நிழலாட்டமாவது தெரிந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. ஆனால் தெரியாதவர்கள் பார்த்தால் கண்ணில்லாதவர் என்று சொல்ல மாட்டார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு தப்படி. அடுப்புக்குப் பதினாலு. கீழே இறங்க நாற்பத்திரண்டு படி. கேட்டிலிருந்து மூலைக் கடைக்கு இருநூற்றுப் பதினாறு. தினமும் காலையில் தனியாகப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு தனியாக வருவார். நடுவில் யாராவது “என்ன சார், சௌக்கியமா?” என்று கேட்டால் விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், எண்ணிக்கை விட்டுப்போகும் என்று.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாகவே பிற்பகல் மூன்று மணி ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒன்று கத்தும். முதலில் இரும்போடு இரும்பு தேய்கிற மாதிரி நீளமாக ஒரு கேவல். நடுவில் பாத்திரம் பொங்கி வழிகிற மாதிரி ஒரு மூச்சு. கடைசியில் குரல் உடைந்து மூன்று செருமல். கேட்டால் முதுகில் எறும்பு ஊறும். நாய்க்கு அப்படி வராது, மனுஷனுக்கும் வராது.

சத்தத்தை மட்டும் வைத்து யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தாள் ஒன்று சிக்கியதுதான் வினை.

தையல் தொழிலில் ஒரு நேர்மை உண்டு. சரிபண்ணக் கொடுக்கிற உடுப்பின் பையில் எது இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் உறையில் போட்டு, உடுப்போடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருபத்தைந்து வருஷமாக நான் அப்படித்தான் செய்து வருகிறேன், ஒரு தடவை தவிர. சித்திரக்காரி கீழ்மடிப்பு தைக்கக் கொடுத்த கால்சட்டையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அது தானாகவே கொஞ்சம் பிரிந்திருந்தது. மீதியை நான் பிரித்தேன்.

“எடை: பதினாலு கிலோ. காலை 210 கிராம், மிச்சம் வைக்கவில்லை. மாலை 190. வெயில் அதிகம், தண்ணீர் இரண்டு மடங்கு குடித்தது. மலம் இரண்டு தடவை, கெட்டி. மதியம் மூன்று மணி: வலது பக்க மடிப்பைச் சுவரில் தேய்த்தது, பிறகு நீளமாகக் கத்தியது. குறிப்பு: அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது.”

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் என்ன செய்வாள்? நானும் யாரிடமும் சொல்லவில்லை. செயலாளர் மனைவியிடம் மட்டும் சொன்னேன். திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வந்தவள் வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று தாளையும் காட்டினேன். அவள் “கண்ணாடி இல்லை, வீட்டுல படிச்சிட்டுத் தரேன்” என்று கொண்டுபோனாள். அந்தத் தாள் என்னிடம் திரும்பவில்லை. அது மாடி ஏறி இறங்கியதில் விஷயத்துக்குக் கண், காது, மூக்கோடு கொம்பும் முளைத்துவிட்டது. கீழ்வீட்டில் அது கரடிக்குட்டி. மூன்றாம் மாடியில் சிறுத்தை.

அடுத்தபடியாக முடி. படிக்கட்டின் மூலையில் செம்பட்டை நிறத்தில் பொசுபொசுவென்று ஒரு கொத்து கிடந்தது. செயலாளர் அதைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்தார். மேலே சொன்ன சண்டைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, இன்னொன்று கிடைத்தது. சித்திரக்காரி வீட்டுக் கதவில் தபால் போடுகிற துவாரம் ஒன்று உண்டு, இடுப்பு உயரத்தில், தகர மூடியோடு. அந்த மூடியின் இடுக்கில் ஒரு பிடி முடி மாட்டியிருந்தது. அதே செம்பட்டை.

“வெளில வரப் பாத்திருக்கு” என்றார் செயலாளர், நடையில் நின்று எல்லோருக்கும் காட்டி. “மூக்கை உள்ளேருந்து நீட்டிருக்கு. இன்னிக்கு மூக்கு, நாளைக்குப் பல்லு.”

உள்ளே இருப்பது மூக்கை நீட்டினால் முடி உள்பக்கம் அல்லவா மாட்ட வேண்டும், இது வெளிப்பக்கம் மாட்டியிருக்கிறதே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தச் சமயத்தில் பார்த்துப் பால் பொங்கிவிட்டது. போய்விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்திரக்காரி கால்சட்டை வாங்க வந்தாள். மடிப்பைப் பார்க்கவேயில்லை.

“அக்கா, பாக்கெட்ல ஒரு தாள் இருந்துச்சா?”

“எந்தத் தாள்?”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இருந்திருந்தா கொடுத்திருப்பீங்க” என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“அது கிடக்கட்டும்” என்றேன். “உள்ள இருக்கறதைத்தான் சொல்லித் தொலையேன். எல்லாம் முடிஞ்சிடுமே.”

“சொன்னா வேலை போயிடும்க்கா. வேலை போனா வீடு தானா போயிடும். சொல்லலைன்னா லெட்டர் போயிடும். அப்பவும் வீடு போயிடும்.”

“போனா வேற வீடு. உன் சம்பளத்துக்குக் கிடைக்காதா?”

“எனக்குக் கிடைக்கும்.” கால்சட்டையை மடித்து மடித்து ஒரு கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். “இந்த வீட்டைக் கத்துக்க அப்பாவுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்ப கொஞ்சம் பார்வையும் இருந்துச்சு. இப்ப புதுசா ஒரு வீட்ல கொண்டுபோய் விட்டா, கட்டிலைவிட்டு இறங்க மாட்டார்.”

அவள் போன பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். நூல் மூன்று தடவை அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. கரடி என்றவர்களும் சிறுத்தை என்றவர்களும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் ஒரு ஸ்டூலின்மேல் தாளையும் இரண்டு கவரையும் வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் கையெல்லாம் பூனை பிறாண்டிய கோடுகளோடு ஒரு இளைஞன்.

“இவன் என் அக்கா பையன். மிருக டாக்டர். மூணு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. நம்ம சந்தேகத்தையெல்லாம் தீர்த்துவைப்பான்” என்றார். இன்னும் கல்யாணம் ஆகாதவன் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு முன்பே தெரியும்.

டாக்டர் தாளை ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவையும் படித்தான்.

“இதை எழுதினது யாரு மாமா?”

“அது எதுக்கு உனக்கு? இதுல சொல்லியிருக்கற பிராணி இருக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு.”

“எழுதினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. பதினாலு கிலோ உடம்புக்கு இவ்வளவு தீனிங்கறது சரியான கணக்கு. வெயில் ஏறினா தண்ணி கூடணும், கூடியிருக்கு. என்கிட்ட நாயைக் கொண்டுவர்றவங்க இதுல பாதி கவனிச்சா எனக்கு வேலை மிச்சம். இந்தத் தாளோட ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வந்தா நான் தடுப்பூசியே போட்டு அனுப்பிடுவேன்.”

கூட்டத்தில் ஒரு ‘ஹும்’ எழுந்தது. சித்திரக்காரியைப் பார்த்தேன். முகம் ஒரு நொடி பூரித்தது, அடுத்த நொடி வெளிறியது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியதற்காகப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பினால் அப்படித்தான் இருக்கும்.

“அப்ப இருக்கு” என்றார் செயலாளர். “எழுதிக்குங்க.”

“இல்லைங்க.” சித்திரக்காரி எழுந்துவிட்டாள். பக்கத்திலிருந்த அப்பா அவள் கையைப் பிடித்தார், பேசாதே என்பதுபோல. அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “அது நிஜமில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுல வர்ற பிராணி. நான்தான் அதை உண்டாக்கறேன். விளையாட்டு வெளில வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது. இப்ப சொல்லிட்டேன். நீங்க வெளில சொன்னா என் வேலை போயிடும், அவ்வளவுதான்.”

“இல்லாத பிராணிக்கு யாராவது மலம் எழுதுவாங்களா?” என்று செயலாளர் கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

“நான் எழுதுவேன் சார். வரையறதுக்கு முன்னால ஒரு மாசம் அதுக்குத் தினமும் எழுதிவைப்பேன். என்ன தின்னுச்சு, எங்க படுத்துச்சு, எதுக்குப் பயந்துச்சு. யாரும் பாக்காத நேரத்துல அது என்ன பண்ணும்னு தெரியாம வரைஞ்சா வெறும் பொம்மையாத்தான் நிக்கும்.”

“எத்தனை கால்?” என்றான் டாக்டர் திடீரென்று.

“ஆறு.”

“முதுகெலும்பு உண்டா?”

“உண்டு.”

“அப்ப நடக்காதுங்க. முதுகெலும்பு இருக்கற எதுக்கும் நாலுக்கு மேல கிடையாது. ஆறு கால் வேணும்னா பூச்சியாத்தான் பொறக்கணும்.”

“நடுவுல இருக்கறது நிஜத்துல கால் இல்லை, டாக்டர். விலா எலும்பு வெளில நீண்டு மேல தோல் போர்த்தியிருக்கு. ஒரு ஓணான் ஜாதி விலாவை விரிச்சுத்தானே மரத்துக்கு மரம் தாவுது?”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். “சரி, விலான்னு வெச்சுக்குவோம். வேற என்ன பண்ணும்?”

“கோபம் வந்தா வாயால கொதிக்கற ஆவி விடும்.”

“வாய் வெந்துடுமே.”

“ஒரு வண்டு கொதிக்கக் கொதிக்கப் பீச்சுதே.”

“அது பீச்சறது பின்னால. அதுவும் வண்டு அளவுக்குச் சரி. பதினாலு கிலோவுக்கு அவ்வளவு சூட்டை உள்ள வெச்சிருந்தா முதல் கோபத்துலயே குடல் வெந்துடும். ஆவியை எடுத்துடுங்க, குளிர் காலைல வர்ற மூச்சுப்புகை மாதிரி விடுங்க. அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

“கொம்பு?”

“கொம்பு இருந்துட்டுப் போகட்டும். முயலுக்கே ஒரு வியாதில கொம்பு மாதிரி கட்டி முளைக்குது.”

“டேய்” என்றார் செயலாளர். “நீ எந்தக் கட்சிடா?”

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ஆனால் பார்வை அவளிடமே இருந்தது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“படம் வரைஞ்சாளாம். படம் கத்துமா?” செயலாளர் குரல் ஏறியது. “தினம் மூணு மணிக்கு இந்தக் கட்டடமே நடுங்குது. அது எந்தக் கம்ப்யூட்டர்?”

அதுவரை பேசாதிருந்த அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். நட்டநடுக் காலையில், அத்தனை பேர் நடுவில், இரும்போடு இரும்பு தேய்ந்தது. பாத்திரம் பொங்கியது. உடைந்த செருமல் மூன்று வந்தது. கீழ்வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“முப்பத்தேழு வருஷம் கூட்ஸ் ஓட்டினேன்” என்றார் அப்பா. “நாப்பது வேகன் லோடோட பிரேக் பிடிச்சா எப்படி அழும்னு எனக்குத் தெரியும். பொண்ணு மைக் வெச்சுப் பதிவு பண்ணிக்கும். மத்தியானம் மூணு மணிக்குத்தான் தெருவுல சத்தம் குறைவு. அதுக்குக் கூட்ஸுன்னு நான்தான் பேர் வெச்சேன்.”

ஒரு சிலர் சிரித்தார்கள். ஆனால் செயலாளர் எடைக்கல் பார்த்த மனிதர், ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கத்தில் இன்னொன்றை வைப்பார். இரண்டு கவரையும் எடுத்தார்.

“சத்தம் உங்களோடது. சரி. இந்த முடி யாரோடது? உங்க தலைல இருக்கறது எல்லாம் வெள்ளை. கதவுல மாட்டினது செம்பட்டை. டாக்டர், பாரு.”

டாக்டர் முதல் கவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவதை உள்ளங்கையில் கொட்டினான். விரலால் லேசாகப் பிரித்தான். அங்கேதான் என் சந்தேகம் அவன் பக்கம் திரும்பியது. அவன் நிமிர்ந்து மாமாவின் நெற்றியைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். முடியை அவசரமாகக் கவரில் திரும்பப் போட்டான்.

“இது… மைக்ரோஸ்கோப்ல பாத்துச் சொல்லணும் மாமா. இன்னிக்கு வேண்டாமே. விட்டுடுங்களேன்.”

“விடறதா? மிருகத்து முடியா, இல்லையா?”

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் மாமா.”

“பாத்தீங்களா, டாக்டரே பயப்படறான். ஏதோ ஆபத்தான ஜாதி.” செயலாளர் லெட்டரை எடுத்து நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க.”

பேனா முதல் வரிசையில் நகரத் தொடங்கியது. அப்பா எழுந்தார். அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்ததால் அவருடைய கணக்கு தப்பிவிட்டது போலிருக்கிறது. ஒரு அடி வைத்தார், கால் இடித்தது, அப்படியே நின்றுவிட்டார். தினமும் ராஜா மாதிரி கேட்டைத் தாண்டிப் போகிறவர், காற்றில் கையைத் துழாவினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேங்க. இந்த வீட்ல நான் குருடன் இல்லை. வேற வீட்டுக்கு அனுப்பினா அன்னிக்கு ஆயிடுவேன்.”

சொல்லிவிட்டு, மகள் கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்குத் தாள் ஞாபகம் வந்தது. நான் பிரித்த தாள். எழுந்து, “கொஞ்சம் இருங்க” என்று நாற்பத்திரண்டு படியும் ஏறி, தீப்பெட்டியும் நூலைப் பார்க்கிற பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தேன். அசல் இழை எது, போலி எது என்று தெரிய வேண்டுமானால் தையல்காரி ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பாள். இதை நான் முதல் கொத்து கிடைத்த அன்றைக்கே செய்திருக்கலாம். செய்யவில்லை. பார்த்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே.

முதல் கவரிலிருந்து ஒரு கொத்தைக் குச்சியில் பிடித்துக் கொளுத்தினேன். சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக உறைந்தது. பிளாஸ்டிக் நாற்றம்.

“பொம்மைக்குப் போடற ரோமத் துணி” என்றேன். “எந்த மிருகமும் இப்படி உருகாது.”

“களிமண் மாடல்ல ஒட்டறதுக்கு வாங்கினேன்” என்றாள் சித்திரக்காரி. “செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.”

“ரெண்டாவது?” என்றார் செயலாளர். “ரெண்டாவதைக் கொளுத்துங்க.”

கொளுத்தினேன். பொசுங்கியது, சுருண்டது, தொட்டால் சாம்பலாக உதிர்ந்தது. நாற்றம் எல்லோருக்கும் தெரிந்த நாற்றம்தான். நிஜ முடி.

“அப்படிச் சொல்லுங்க” என்று செயலாளர் தொடையைத் தட்டினார். சித்திரக்காரி உட்கார்ந்துவிட்டாள். காப்பாற்ற வந்தவளே குழி வெட்டிய கதை ஆகிவிட்டதா? டாக்டர் என்னருகே வந்து, “போதுங்க, விட்டுடுங்க” என்று முணுமுணுத்தான். ஒருவன் விடு விடு என்றால் நான் விட்ட சரித்திரம் கிடையாது. மிச்ச முடியைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தேன்.

அடியில் கொசுவலை மாதிரி மெல்லிய ஒரு கண்ணி. ஒவ்வொரு முடியும் அந்தக் கண்ணியில் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருந்தது. நல்ல வேலை. நானே மெச்சினேன்.

“நிஜ முடிதான்” என்றேன். “ஆனா ஒவ்வொண்ணுக்கும் முடிச்சு இருக்கு. வலைல கோத்திருக்கு. எந்த மிருகமும் முடிச்சுப் போட்டு முடி வளர்க்காதே.”

நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக அந்த நொடி வரைக்கும் எனக்கே தோன்றவில்லை. ஆனால் செயலாளரின் வலது கை, அவரைக் கேட்காமலேயே, மெல்ல எழுந்து உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது.

அத்தனை கண்ணும் அந்தக் கையின் பின்னாலேயே போயின. தபால் துவாரம் இடுப்பு உயரம். அதில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு மனிதர் குனிய வேண்டும். குனிந்தால் தகர மூடி எங்கே உரசும் என்பதை ஒவ்வொருவரும் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே பார்க்கவில்லை, வெளியே இருந்தது உள்ளே பார்த்திருக்கிறது. பாவம், தன் சொத்து கொஞ்சம் அங்கே தங்கிவிட்டது என்று தெரியாமலே மறுநாள் அதைத் தானே கண்டுபிடித்து, தேதி போட்டு, சாட்சியாகவும் கொண்டுவந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. முதல் வரிசையில் இருந்தவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அது செயலாளருடைய பேனா. அவர் கேட்கவில்லை.

“வெயில் ஏறிடுச்சு, வாங்க” என்றாள் அவர் மனைவி. அவர் போனார். கையை மட்டும் எடுக்கவேயில்லை.

லெட்டர் ஸ்டூலிலேயே கிடந்தது. சாயங்காலம் நான் அதில் ஒரு சட்டைக்குக் காலர் அளவு வெட்டினேன், நல்ல கெட்டித் தாள். வெளியே எதுவும் பேசக் கூடாது என்று கரடிக் கட்சியும் சிறுத்தைக் கட்சியும் ஒத்துக்கொண்டன. நான்கூட யாரிடமும் சொல்லவில்லை, விளையாட்டு வெளியே வருகிற வரைக்கும்.

அது வர ஒன்பது மாதம் ஆயிற்று. அதற்குள் டாக்டர் எத்தனை தடவை படியேறினான் என்று எனக்குத் தெரியும். முதலில் விலா எலும்பு விஷயமாக வந்தான். அப்புறம் தாடை. அப்புறம் தூக்கத்தில் அது எப்படி மூச்சு விடும் என்று மூன்று மணி நேரம். இல்லாத ஒன்றின் தூக்கத்தைப் பற்றி இரண்டு பேர் அத்தனை நேரம் பேசினால் வேறு எதுவோ இருக்கிறது என்று நான் அப்போதே சொன்னேன். ஒரு நாள் நடையில் அவன் அவளிடம் சொன்னது காதில் விழுந்தது: “இப்ப எங்கேயாவது ஒரு காட்டுல இது நின்னா எனக்கு ஆச்சரியமா இருக்காது.” அவளுக்கு அதைவிடப் பெரிய வார்த்தையை எந்த மாப்பிள்ளையும் சொல்லியிருக்க முடியாது.

விளையாட்டு வந்ததும் எனக்கு அவள் வீட்டுத் திரையில் காட்டினாள். புல்வெளியில் கூட்ஸ் நின்றது. செம்பட்டை ரோமம், விலாவில் மடிந்த தோல், வாயில் மூச்சுப்புகை. நான் அதையே பார்க்க, அது என்னை உற்றுப் பார்த்தது. மிஷின் எண்ணெய் வாசனை தெரிகிறதா என்று மோப்பம் பிடிப்பதுபோல மூக்கைச் சுருக்கியது. அவள் ஒரு பொத்தானை அழுத்த, திரையில் எங்கோ மரம் விழுந்தது. கூட்ஸ் திடுக்கிட்டு, வலது முன்னங்காலை மெல்ல எடுத்து, உச்சந்தலையில் வைத்துக்கொண்டது.

“பயந்தா அப்படிப் பண்ணும்க்கா” என்றாள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

இப்படி ஒன்று நிஜத்தில் இருக்க முடியுமா என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? ஏழாம் விதியைப் பத்து வருஷம் மாடிப்படியில் பார்த்திருக்கிறேனே. இன்னொன்றும் உண்டு. போன வாரம் மூன்று மணிக்கு வழக்கம்போலச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா கீழே கேட்டுப் பக்கம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். பதிவு பண்ணினதைப் போட்டிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னான். இருக்கலாம். ஆனால் அவன் கையில் பிறாண்டல் முன்னைவிட அகலமாக இருக்கிறது. பூனைக்கு அவ்வளவு பெரிய நகம் ஏது?

கல்யாணம் சின்னதாக நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், தொப்பி போட்டுக்கொண்டு. வேறு வீடு பார்க்கலாமா என்று டாக்டரின் அம்மா இழுத்தபோது அவனே வேண்டாமென்றுவிட்டான். இரண்டு பெட்டியும் ஒரு எடைமேடையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டான். வந்த அன்றே அவன் கட்டில் ஒன்றைக் குறுக்கே போட்டதில் குளியலறைக்குப் பதினோரு தப்படி பதிமூன்றாகிவிட்டது. மாமனார் மாப்பிள்ளையை ஒன்றும் குறை சொல்லாமல் கட்டிலை மட்டும் நகர்த்தச் சொன்னார். ஏழாம் விதி குடும்பம் அடுத்த மாதமே காலிபண்ணிக்கொண்டு மகள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டது. அங்கே மாடி கிடையாது, தனி வீடு, கதவில் தபால் துவாரமும் இல்லை என்று அவர் மனைவி எழுதியிருந்தாள். அவர்கள் இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு பல் டாக்டரும் அவள் தங்கையும் வந்திருக்கிறார்கள். கேட்டால் மீன் தொட்டி மட்டும்தான் என்கிறார்கள். மூடி போட்ட மீன் தொட்டி.